6 என்று போட்ட கணக்கு 15 ஆனது

1954 மார்ச் 1, காலை 6.45. பசிபிக் பெருங்கடலின் நடுவே, மார்ஷல் தீவுகளைச் சேர்ந்த பிகினி பவளத்தீவில் அமெரிக்கா ஒரு ஹைட்ரஜன் குண்டை வெடித்துப் பார்த்தது. சோதனைக்குப் பெயர் 'காசில் பிராவோ'. பத்தரை டன்னுக்கு மேல் எடையுள்ள அந்தக் குண்டுக்கு விஞ்ஞானிகள் வைத்திருந்த செல்லப் பெயர் 'ஷ்ரிம்ப்'. இறால். சுமார் 6 மெகாடன் சக்தியோடு அது வெடிக்கும் என்று லாஸ் அலமோஸ் ஆய்வகம் கணக்குப் போட்டிருந்தது.

வெடித்தது 15 மெகாடன்.

வெடிப்பை இயக்கிய குழு 30 கிலோமீட்டருக்கு அப்பால் இன்னொரு தீவில், கான்கிரீட் பதுங்கறைக்குள் இருந்தது. அந்தக் கட்டடமே கப்பல்போல ஆடியது. ஓரிரு நொடிகளில் 7 கிலோமீட்டர் அகலத்துக்கு நெருப்புக்கோளம். பத்தே நிமிடத்தில் புகைக்குடை 40 கிலோமீட்டர் உயரத்தைத் தொட்டது. வெடித்த இடத்தில் பவளப்பாறை ஆவியாகிப்போய் 2 கிலோமீட்டர் அகலத்தில் கடலடியில் ஒரு பள்ளம். கொஞ்ச நேரத்தில் பதுங்கறைக்குள்ளேயே கதிர்வீச்சு மானியின் முள் ஏறத் தொடங்கியது. உள்ளே இருந்தவர்கள், இருப்பதிலேயே குறைவாகக் கதிர்வீச்சு காட்டிய ஓர் அறைக்குள் ஒடுங்கி உட்கார்ந்தார்கள். மாலையில் ஹெலிகாப்டர் வந்தபோது, சாம்பல் மேலே படாமல் இருக்கப் படுக்கை விரிப்புகளைத் தலையோடு போர்த்திக்கொண்டு ஓடிப்போய் ஏறினார்கள். உலகின் ஆகச் சக்தி வாய்ந்த ஆயுதத்தைச் செய்தவர்களிடம் அன்றைக்கு இருந்த கவசம் அந்த விரிப்புகள்தான்.

கணக்கு எங்கே பிசகியது? ஹைட்ரஜன் குண்டு என்பது ஒரே உறைக்குள் இருக்கும் இரண்டு குண்டுகள். முதலில் நாகசாகியில் போட்ட ரகத்தைச் சேர்ந்த ஓர் அணுகுண்டு வெடிக்கும். அதிலிருந்து பாயும் எக்ஸ் கதிர்கள் பக்கத்தில் உள்ள எரிபொருளை நாலாபுறமும் நெருக்கும். அந்த நெருக்கலிலும் சூட்டிலும் ஹைட்ரஜனின் கனத்த வடிவங்களான டியூட்டிரியமும் டிரிட்டியமும் இணைந்து ஆற்றலைக் கக்கும். இதில் டிரிட்டியம் தொல்லை பிடித்த சரக்கு. சேர்த்து வைத்தாலும் 12 ஆண்டுகளில் பாதி சிதைந்துவிடும். அதனால் லித்தியத்தை வைத்து, வெடிக்கும் கணத்திலேயே டிரிட்டியத்தை உண்டாக்கிக்கொள்ளும் உத்தியைக் கண்டுபிடித்தார்கள். லித்தியத்தில் இரண்டு வகை. லித்தியம்-6 மீது நியூட்ரான் பட்டால் டிரிட்டியம் கிடைக்கும். லித்தியம்-7 எதற்கும் உதவாது, சும்மா கிடக்கும் என்று எல்லோரும் நம்பினார்கள். இறாலின் எரிபொருளில் 40 சதவீதம்தான் முதல் வகை. மீதி 60 சதவீதம் சும்மா கிடக்க வேண்டிய வகை.

அது சும்மா கிடக்கவில்லை. குண்டுக்குள் பறந்த நியூட்ரான்களின் வேகத்தில் லித்தியம்-7 உடைந்து தானும் டிரிட்டியம் கொடுத்தது. அதோடு ஒவ்வோர் உடைப்பிலும் ஒரு நியூட்ரானையும் வெளியே விட்டது. குண்டைச் சுற்றியிருந்த யுரேனியம் உறை அந்த நியூட்ரான்களை வாங்கிக்கொண்டு பிளந்தது. 15 மெகாடனில் ஏறத்தாழ 10 மெகாடன் யுரேனியப் பிளவிலிருந்து வந்ததுதான். கதிரியக்கச் சாம்பல் அவ்வளவு கொடியதாக இருந்ததற்கும் அதுவே காரணம்.

கிலோடன், மெகாடன் என்றால் என்ன என்பதையும் இங்கேயே பார்த்துவிடலாம். 1,000 டன் டி.என்.டி. வெடிமருந்தின் சக்தி 1 கிலோடன். அதைப்போல் 1,000 மடங்கு 1 மெகாடன். 1945 ஆகஸ்ட் 6 அன்று ஹிரோஷிமாவில் வெடித்தது சுமார் 15 கிலோடன். அத்தனை வெடிமருந்தையும் ஒரு லாரிக்கு 10 டன் என்று ஏற்றினால் 1,500 லாரிகள் வேண்டும். ஒட்டி நிறுத்தினால் வரிசை 15 கிலோமீட்டர் நீளும். பிராவோவுக்கு 15 லட்சம் லாரிகள். வரிசையின் நீளம் 15,000 கிலோமீட்டர், அதாவது இந்தியாவின் வடக்கு தெற்கு நீளத்தைப்போல் நான்கரை மடங்கு.

ஹிரோஷிமாவில் அந்த ஆண்டு முடிவதற்குள் இறந்தவர்கள் சுமார் 1,40,000 பேர் என்பது பரவலாக ஏற்கப்பட்ட மதிப்பீடு. அந்தக் குண்டில் 64 கிலோ யுரேனியம் இருந்தது. பிளந்தது ஒரு கிலோவுக்கும் குறைவு.

பிகினியிலிருந்து கிழக்கே சுமார் 150 கிலோமீட்டரில் ரோங்கெலாப் தீவு. வெடித்த சில மணி நேரத்தில் அங்கே வானத்திலிருந்து வெள்ளைத் தூள் கொட்டத் தொடங்கியது. ஆவியாகிப்போன பவளப்பாறை கதிரியக்கத்தோடு திரும்பி வந்துகொண்டிருந்தது. தலைமுடியில் படிந்தது, குடிநீர்த் தொட்டியில் விழுந்தது. என்னவென்று சொல்ல ஆளில்லை. குழந்தைகள் அள்ளி விளையாடினார்கள். அன்று இரவே வாந்தி, தோலில் எரிச்சல். பின்னாலேயே முடிகொட்டலும் புண்களும். பக்கத்து ரோங்கெரிக் தீவில் வேலையிலிருந்த 28 அமெரிக்கப் படைவீரர்களை மறுநாளே ஏற்றிக்கொண்டார்கள். தீவு மக்களை ஏற்றக் கப்பல் வந்தது அதற்கும் அடுத்த நாள்தான்.

மூன்றாண்டு கழித்து, பாதுகாப்பானது என்று சொல்லி அவர்களைத் திருப்பிக் கொண்டுபோய் விட்டார்கள். அமெரிக்க மருத்துவர்கள் ஆண்டுதோறும் வந்து ரத்தம் எடுத்துப் போனார்கள். அன்று சிறு குழந்தைகளாக இருந்தவர்களில் பெரும்பாலோருக்குப் பிற்காலத்தில் தைராய்டு கட்டி வந்தது. தீவின் தலைவராக இருந்தவரின் மகனுக்கு வெடிப்பு நாளில் ஒரு வயது. 1972-இல், 19 வயதில், ரத்தப் புற்றுநோயால் இறந்தான். கடைசியில் 1985-இல் தீவு மக்களே ஊரைக் காலி செய்ய முடிவெடுத்தபோது, ஏற்றிச் செல்ல வந்தது எந்த அரசின் கப்பலும் அல்ல. கிரீன்பீஸ் அமைப்பின் 'ரெயின்போ வாரியர்'. இரண்டு மாதம் கழித்து நியூசிலாந்துத் துறைமுகத்தில் அந்தக் கப்பலையே பிரெஞ்சு உளவாளிகள் குண்டு வைத்து மூழ்கடித்தார்கள். பிரான்சின் அணுகுண்டுச் சோதனையை எதிர்க்கக் கிளம்பவிருந்தது அந்தக் கப்பல் என்பதுதான் குற்றம்.

பிராவோ வெடித்த நேரத்தில், அமெரிக்கா அறிவித்திருந்த ஆபத்து எல்லைக்கு வெளியே ஒரு ஜப்பானிய சூரை மீன் படகு நின்றிருந்தது. பெயர் 'ஐந்தாம் அதிர்ஷ்ட டிராகன்'. 23 பேர். மேற்கே வானம் திடீரென்று வெளுத்தது. பல நிமிடம் கழித்துத்தான் இடி கேட்டது. பிறகு மணிக்கணக்கில் சாம்பல். மார்ச் 14 அன்று யாய்சு துறைமுகத்துக்குத் திரும்பியபோது எல்லோருக்கும் தோல் கருத்திருந்தது. படகின் ரேடியோவை இயக்கிய ஐகிச்சி குபோயாமா செப்டம்பர் 23 அன்று இறந்தார். ஜப்பான் கொதித்தது. அணுகுண்டுக்கு எதிராக மூன்று கோடிக்கும் மேற்பட்ட கையெழுத்துகள் சேர்ந்தன. அந்த ஆண்டு நவம்பரில்தான் காட்ஸில்லா படமும் வெளிவந்தது. படத்தின் தொடக்கத்தில் ஒரு படகு நடுக்கடலில் ஒளிவெள்ளத்தில் அழிவதைப் பார்த்த ஜப்பானியர்களுக்கு அது எந்தப் படகு என்று யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

டெல்லியில் நேரு, ஏப்ரல் 2 அன்று, ஒப்பந்தம் வருகிறவரை சோதனைகளையாவது நிறுத்தி வையுங்கள் என்று மக்களவையில் கேட்டார். அணுகுண்டுச் சோதனைக்குத் தடை கேட்டு உலக மேடையில் எழுந்த முதல் அரசுக் குரல்களில் அது ஒன்று. லண்டனில் ஜோசப் ராட்பிளாட் என்ற இயற்பியலாளர் வேறு வேலை பார்த்துக்கொண்டிருந்தார். அமெரிக்காவின் முதல் அணுகுண்டுத் திட்டத்தில் சேர்ந்து, மனசாட்சிக்காகப் பாதியில் விலகி வந்தவர் அவர். படகில் படிந்த சாம்பலை ஜப்பானியர்கள் அளந்து வைத்திருந்த விவரங்களை வைத்து, குண்டைச் சுற்றி யுரேனியம் உறை இருந்திருக்க வேண்டும் என்று காகிதத்தில் கணக்குப் போட்டுக் கண்டுபிடித்தார். அரசு மூடி வைத்த ரகசியம் ஒரு கைப்பிடிச் சாம்பலில் வெளியே வந்துவிட்டது.

பிராவோவோடு பெரிய குண்டுகளின் காலம் முடிந்துவிடவில்லை. 1961 அக்டோபர் 30 அன்று சோவியத் யூனியன் வட துருவப் பகுதியிலுள்ள நோவயா செம்ல்யா தீவில் 50 மெகாடன் குண்டை வெடித்தது. இதுவரை மனிதன் வெடித்ததில் பெரியது அதுதான். ஆனால் 27 டன் எடையுள்ள அந்தப் பூதத்தை விமானத்தின் வயிற்றுக்குள் முழுதாகத் திணிக்கக்கூட முடியவில்லை. போருக்கு உதவாத வெறும் பயமுறுத்தல்.

பெரிய குண்டுகள் பிறகு ஒதுக்கப்பட்டதற்குக் கருணை காரணமில்லை. வடிவியல்தான் காரணம். பிராவோ ஹிரோஷிமாவைப்போல் சரியாக ஆயிரம் மடங்கு. ஆனால் அதிர்வலை தகர்க்கும் தூரம் பத்து மடங்குதான் கூடும், பரப்பளவு நூறு மடங்கு. சக்தி மேலும் கீழும் எல்லாத் திசையிலும் பரவி வீணாவதால், தூரம் சக்தியின் கனமூலத்துக்கு ஏற்பத்தான் வளரும். ஒரு மெகாடன் குண்டு ஒன்றைப் போடுவதைவிட, 100 கிலோடன் குண்டு பத்தைப் பரப்பிப் போட்டால் இரண்டு மடங்குக்கும் அதிகமான பரப்பு தரைமட்டமாகும். ஏவுகணைகள் குறி தவறாமல் விழத் தொடங்கிய பிறகு, படைத்துறையினர் இந்தக் கணக்கை விடாமல் பிடித்துக்கொண்டார்கள். ஒரே ஏவுகணையின் மூக்கில் பல குண்டுகள், ஒவ்வொன்றும் ஒவ்வோர் ஊரை நோக்கி. 1970-இல் அமெரிக்கா இதை முதலில் நிறுவியது. 2024 மார்ச்சில் அக்னி-5 சோதனையில் இந்தியாவும் இந்த நுட்பத்தைச் செய்து காட்டியது.

ஆக, இன்றைய குண்டு பிராவோவைவிட மிகச் சிறியது என்று கேட்டு நிம்மதி அடைவதற்கு ஒன்றுமில்லை. அமெரிக்காவின் ஒஹையோ வகை நீர்மூழ்கிக் கப்பல் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். அதில் 20 ஏவுகணைகள், ஏறத்தாழ 90 குண்டுகள். அவற்றில் பெரும்பாலானவை 90 கிலோடன், அதாவது ஒவ்வொன்றும் ஹிரோஷிமாவைப்போல் 6 மடங்கு. அதைவிடப் பல மடங்கு பெரிய 455 கிலோடன் ரகமும் கூடவே உண்டு. இப்படி 14 கப்பல்கள் அமெரிக்காவிடம் மட்டும் இருக்கின்றன.

எத்தனை குண்டுகள் என்ற கேள்விக்கு வருவோம். 1986-இல் உலகில் சுமார் 70,000 இருந்தன. அமெரிக்கா தன் உச்சத்தை 1967-லேயே தொட்டுவிட்டது: 31,255. சோவியத்தின் உச்சம் அதைவிட அதிகம். இவ்வளவு குண்டுகளைப் போட உலகில் ஊர்களே இல்லை என்பது இரு தரப்புக்கும் தெரியும். எதிரியின் குண்டுகளை அழிக்கக் குண்டு, அதில் தப்பிப் பிழைக்கும் அளவுக்கு இன்னும் கொஞ்சம் குண்டு என்று அடுக்கிக்கொண்டே போனார்கள்.

குறைப்பு 1987, 1991 ஒப்பந்தங்களோடு வேகம் பிடித்தது. அதில் அவ்வளவாகப் பேசப்படாத ஒரு கதை உண்டு. சோவியத் உடைந்துகொண்டிருந்த நேரத்தில், கழற்றிய குண்டுகளின் யுரேனியம் யார் கையில் போய்ச் சேருமோ என்று உலகமே கவலைப்பட்டது. எம்.ஐ.டி.யில் இருந்த தாமஸ் நெஃப் என்ற இயற்பியலாளர் ஒரு யோசனையைப் பத்திரிகையில் எழுதினார்: அதை விலைக்கு வாங்கி மின்சாரமாக்கினால் என்ன? இரு அரசுகளும் ஏற்றுக்கொண்டன. 1993 முதல் 2013 வரை 500 டன் குண்டுத்தர யுரேனியம் நீர்க்கச் செய்யப்பட்டு, அமெரிக்க அணு உலைகளுக்கு எரிபொருளாகப் போனது. ஏறத்தாழ 20,000 குண்டுகளின் சரக்கு. அந்த ஆண்டுகளில் அமெரிக்காவில் எரிந்த பத்து விளக்குகளில் ஒன்று, ஒரு காலத்தில் அமெரிக்காவையே குறி வைத்திருந்த யுரேனியத்தில் எரிந்தது. அணு ஆயுத வரலாற்றில் முழு மனத்தோடு பாராட்டத்தக்க காரியங்கள் மிகக் குறைவு. இது அவற்றில் ஒன்று.

புளுட்டோனியத்துக்கு இந்த நற்கதி கிடைக்கவில்லை. அமெரிக்கா குண்டுகளைக் கழற்றுவது டெக்சஸ் மாநிலத்தில் அமரில்லோ நகருக்கு அருகிலுள்ள பான்டெக்ஸ் ஆலையில். கழற்றிய புளுட்டோனிய உருண்டைகள் ஆயிரக்கணக்கில் அங்கேயே பத்திரமாக அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. பாதி சிதையவே 24,000 ஆண்டுகள் பிடிக்கும் பொருள். குறைக்கப்பட்ட குண்டுகள் என்று செய்தியில் படிப்பதில் கணிசமானவை, நினைத்தால் மறுபடி குண்டாகக்கூடிய நிலையில்தான் கிடக்கின்றன.

ஸ்டாக்ஹோம் சர்வதேச அமைதி ஆய்வு நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி 2025 ஜனவரியில் உலகில் இருந்தவை 12,241 அணுகுண்டுகள். ரஷ்யாவிடம் 5,459, அமெரிக்காவிடம் 5,177. ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு இந்த இருவரிடம்தான். அடுத்து வெகு தொலைவில் சீனா 600, பிரான்ஸ் 290, பிரிட்டன் 225, இந்தியா 180, பாகிஸ்தான் 170, இஸ்ரேல் 90, வட கொரியா 50. ஆனால் மொத்த எண்ணைவிட அதன் உட்பிரிவுகளைத்தான் கவனிக்க வேண்டும். 12,241-இல் சுமார் 2,600 ஓய்வு கொடுக்கப்பட்டவை, கழற்றப்படக் காத்திருப்பவை. 3,912 ஏவுகணைகளிலும் விமானத் தளங்களிலும் நிறுத்தப்பட்டவை. அவற்றிலும் சுமார் 2,100 குண்டுகள், உத்தரவு வந்தால் சில நிமிடங்களில் கிளம்பத் தயாராக ஏவுகணைகளில் பொருத்தப்பட்டவை. ஒரு நாடு பழைய குண்டுகளை உடைக்கும்போது மொத்த எண் குறைகிறது, தலைப்புச் செய்தியும் நன்றாக இருக்கிறது. அந்த 2,100 குறைவதில்லை.

இந்த எண்களை யார் எண்ணுகிறார்கள்? பெரும்பாலும் அரசுகள் சொல்வதில்லை. இஸ்ரேல் தன்னிடம் குண்டு இருப்பதாகவே ஒப்புக்கொண்டதில்லை. சீனாவின் வடமேற்குப் பாலைவனத்தில் நூற்றுக்கணக்கான புதிய ஏவுகணைக் குழிகள் தோண்டப்படுவதை 2021-இல் வெளியுலகுக்குச் சொன்னவர்கள், காசு கொடுத்தால் யாருக்கும் கிடைக்கும் செயற்கைக்கோள் படங்களைக் கணினியில் துழாவிக்கொண்டிருந்த அமெரிக்க ஆய்வாளர்கள். ஒரே மாதிரி இடைவெளியில், ஒரே அளவில், வரிசையாகக் காற்றடைத்த கூரைகள் தெரிந்தன. என்னவோ மறைக்கிறார்கள் என்பதைக் கூரையே காட்டிக்கொடுத்தது.

இந்தியாவிலும் ஒரு கணக்குத் தகராறு தீராமல் இருக்கிறது. 1998 மே 11 அன்று பொக்ரானில் வெடித்த ஹைட்ரஜன் சாதனத்தின் சக்தி 45 கிலோடன் என்பது அரசுத் தரப்பு. சென்னையில் பிறந்து அணுசக்தித் துறையின் தலைவரான ஆர். சிதம்பரம் அதை உறுதியாகச் சொன்னார். 2009-இல், பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனத்தின் சார்பில் அந்தச் சோதனையில் முக்கியப் பொறுப்பு வகித்த கே. சந்தானம் வெளிப்படையாக மறுத்தார். எதிர்பார்த்த சக்தி வரவில்லை, நில அதிர்வுப் பதிவும் பள்ளமும் அதைத்தான் காட்டுகின்றன என்றார். சிதம்பரம் மறுத்தார். பிகினியில் கணக்கை மிஞ்சியது. பொக்ரானில் கணக்கை எட்டியதா என்பதிலேயே சண்டை. அன்றைக்கு வேறு குண்டுகளையும் ஒரே நேரத்தில் வெடித்ததால், வெளியில் இருப்பவர்கள் இதைப் பிரித்துச் சொல்வது லேசில்லை.

எதிரிகள் இருவர் ஒருவர் குண்டை ஒருவர் நேரில் போய் எண்ணிப் பார்த்த காலமும் இருந்தது. அமெரிக்காவும் ரஷ்யாவும் 2011-இல் நடைமுறைக்குக் கொண்டுவந்த 'நியூ ஸ்டார்ட்' ஒப்பந்தம் ஆண்டுக்கு 18 நேரடி ஆய்வுகளை அனுமதித்தது. எந்தத் தளம், எந்த ஏவுகணை என்பதை வந்த பிறகுதான் ஆய்வாளர்கள் சொல்வார்கள். ஏவுகணையின் மூக்கைக் கழற்றி, உள்ளே இருக்கும் ஒவ்வொரு குண்டின் மேலும் ஓர் உறையைப் போர்த்திக் காட்டுவார்கள். வடிவமைப்பு தெரியக் கூடாது, எண்ணிக்கை தெரிய வேண்டும் என்பதற்காக. இப்படி முந்நூறுக்கும் மேற்பட்ட ஆய்வுகள் நடந்தன. 2020 மார்ச்சில் கொரோனாவுக்காக நிறுத்தினார்கள். பிறகு தொடங்கவே இல்லை. 2023-இல் ரஷ்யா பங்கேற்பை நிறுத்தி வைத்தது. 2026 பிப்ரவரி 5 அன்று ஒப்பந்தத்தின் காலமும் முடிந்தது.

தெற்காசியாவில் அப்படிப்பட்ட ஏற்பாடு எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. இருப்பது 1988-இல் கையெழுத்தான ஒரு சிறு உடன்பாடு. அதன்படி இந்தியாவும் பாகிஸ்தானும் 1992 முதல் ஆண்டுதோறும் ஜனவரி 1 அன்று, ஒன்றையொன்று தாக்கக் கூடாத அணுசக்தி நிலையங்களின் பட்டியலைப் பரிமாறிக்கொள்கின்றன. கார்கில் போர் நடந்த ஆண்டிலும் மறுஆண்டிலும் பட்டியல் போய் வந்தது, நாடாளுமன்றத் தாக்குதலுக்கு அடுத்த மாதமும் போய் வந்தது. உலைகளும் ஆலைகளும் ஆய்வகங்களும் இருக்கும் இடங்கள் அதில் உண்டு. குண்டுகள் எத்தனை என்பது அதில் கிடையாது.